தனி ஆளுக்கு அனுமதி இல்லை

ஜூன் 9, திங்கள்

போஜன் இன்று என்னைச் சோலைக்குள் விடவில்லை. வருடக்கணக்காகத் தினமும் காலையில் என்னைப் பார்க்கிற காவல்காரன். நான் ஃபிளாஸ்கில் கொண்டுபோகிற டீயில் பாதி அவன் வயிற்றில்தான் போயிருக்கிறது. கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டு தலையைச் சொறிகிறான்.

"அம்மா, தனி ஆளுக்கு அனுமதி இல்லைங்க. போர்டுலயே போட்டிருக்கு. காட்டெருமை குட்டியோட சுத்திக்கிட்டு இருக்கு."

போர்டில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அதை எழுதியதே என் வீட்டுக்காரர். தேன்மொக்கைச் சோலையைத் தைலமரக்காரர்களிடமிருந்தும் ரிசார்ட் கட்ட வந்தவர்களிடமிருந்தும் மீட்டு, பாதை போட்டு, ஜனங்கள் நடப்பதற்குத் திறந்துவிட்டது சோலைக் குழு. அதற்குச் சாகும்வரை அவர்தான் செயலாளர். ஊருக்கே முத்து சார். இரண்டு பேராக வந்தால்தான் உள்ளே விட வேண்டும், உள்ளே எதையும் கொண்டுவந்து போடக் கூடாது, உள்ளேயிருந்து எதையும் கொண்டுபோகக் கூடாது, சத்தம் போடக் கூடாது. எல்லாம் அவர் போட்ட சட்டம். நாங்கள் எப்போதும் இரண்டு பேராகவே போனதால் முதல் சட்டம் என்னை உறுத்தியதே இல்லை.

ஏப்ரல் கடைசியில் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் முதல் தடவையாகப் போனேன். இப்போது நான் ஒற்றை ஆள். காலையில் அந்த மரங்களுக்கு நடுவில் நடந்துவிட்டு வந்தால்தான் எனக்கு மீதி நாள் ஓடும். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் எங்கே போவது? இதைப் போஜனிடம் சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊறப்போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மதினியைத்தான் கூட்டிப்போக வேண்டும். வேறு வழியில்லை. கடவுளே.

ஜூன் 11, புதன்

முப்பிடாதி மதினி என் வீட்டுக்காரருக்கு அக்கா. சங்கரன்கோவில் பக்கம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர், முழங்கால் வலி குறையட்டும், மழை விடட்டும், பலாப்பழம் மலியட்டும் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டு இன்னும் இங்கேதான் இருக்கிறார். காபி ஆறிவிட்டது என்பார். சூடாகக் கொடுத்தால் நாக்கு வெந்துவிட்டது என்பார். குளிருக்கு என் வீட்டுக்காரருடைய குரங்குக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் குல்லாவோடும், சேலைக்கு மேலே இரண்டு ஸ்வெட்டரோடும், கையில் ஒரு ஒயர்கூடையோடும் சோலைக்குப் புறப்பட்டார். கூடைக்குள் தண்ணீர் பாட்டில், முறுக்கு, கைகால் துடைக்கத் துண்டு, ஒரு பவுடர் டப்பா. காட்டுக்குள் யார் பார்க்கப் பவுடர் பூசப் போகிறார்?

உள்ளே நுழைந்து பத்தடி போகவில்லை, ஆரம்பித்தார்.

"ஏட்டி அகிலா! என்னட்டி இது, வெயிலே உள்ள விழ மாட்டேங்கு! பட்டப்பகல்ல டார்ச் லைட்டுல்லா கொண்டாரணும்!"

"மதினி, மெதுவாப் பேசுங்க. பறவையெல்லாம் பயந்துடும்."

"நான் பேசினா பயப்படுத பறவ, காட்டெருமைய எப்படிட்டி சமாளிக்கி?"

நடையை எட்டிப்போட்டேன். கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது என்று பாதி வழியில் ஒரு கூச்சல். கருங்குரங்குகூட மரக்கிளை விட்டு ஓடியது. திரும்பி வரும்போது போஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

ஜூன் 16, திங்கள்

மதினி இன்று ஒரு பூவைப் பறித்தார். சாமிக்காம். கேட்டில் போஜன் பிடுங்கிவிட்டான். "ஒரு பூவுக்கா இந்தப் பாடு? அந்தா காடு பூரா கெடக்கு" என்று அவனோடு சண்டை. பிறகு வீடு வரும்வரை என்னோடு சண்டை.

ஜூன் 20, வெள்ளி

மகன் கதிர் பெங்களூரிலிருந்து பேசினான். "அத்தை எப்பம்மா கிளம்புறாங்க?" என்றான். அதை அத்தையிடமே கேள் என்று போனைக் கொடுத்தேன். இரண்டு பேரும் மைசூர்பாகைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்.

ஜூன் 25, புதன்

மதினி வரவர மரங்களைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன். "முத்து எங்கன உக்காருவான்? எந்த மரத்துக்குக் கீழ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இரண்டாவது வளைவில் ஓடைக்கு மேலே பெரிய காட்டு நாவல் ஒன்று இருக்கிறது. அதன் வேர் நாற்காலி போலப் பரந்திருக்கும். என் வீட்டுக்காரர் அங்கேதான் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். காட்டினேன். அடுத்த நாளே, "எந்த மரம்னு சொன்ன?" என்று கேட்டால் எரிச்சல் வருமா வராதா? "எல்லா மரமும் ஒண்ணுபோலல்லா நிக்கி" என்கிறார். இத்தனை வகை மரங்கள் நிற்கும் சோலையைப் பார்த்து இப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரர் எழுந்து வந்து சண்டை போடுவார்.

ஜூன் 30, திங்கள்

காலையில் மதினி பின்தங்கினார். கால் வலிக்கிறது, நீ முன்னால் நட என்றார். நானும் நிம்மதியாகக் கொஞ்சம் நடந்தேன். வெகுநேரம் கழித்து மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையெல்லாம் மண். விழுந்துவிட்டீர்களா என்றால், இல்லை என்கிறார். நகத்தில் மண் எப்படி வந்தது என்றால், "காட்டுல மண்ணு இல்லாம பொன்னா இருக்கும்?" என்கிறார்.

ஜூலை 1, செவ்வாய்

நாவல் மரத்தின் அடியில் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு மஞ்சள் கயிறும் சுற்றியிருக்கிறது! எனக்கு உயிரே போய்விட்டது.

"மதினி, இது நீங்க செஞ்ச வேலைதானே?"

"ஒரு அடையாளத்துக்குட்டி."

"எதுக்கு அடையாளம்?"

"வழி தப்பிரக்கூடாதுல்லா."

வழி தப்புவதற்கு இங்கே என்ன இருக்கிறது? அம்பு போட்டு, பலகை நட்டு, கூழாங்கல் பாவிய பாதை. முன்பு ஒருமுறை யாரோ சோலை வாசலில் ஒரு கல்லை நட்டு, பொட்டு வைத்துவிட்டார்கள். அன்றைக்கே என் வீட்டுக்காரர் அதைத் தோளில் தூக்கிப்போய் ரோட்டோரம் போட்டுவிட்டு வந்தார். காட்டுக்குள் ஒரு சாமி வந்தால் பின்னாலேயே கொட்டகை வரும், ஸ்பீக்கர் வரும், மரம் போகும் என்பார். அவர் மரத்துக்கே அவர் அக்கா பொட்டு வைக்கிறார்! கயிற்றை அறுத்தேன். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துத் தேய்த்தேன். பட்டைக்குள் ஊறிய மஞ்சள் போகவில்லை.

ஜூலை 4, வெள்ளி

நேற்றிலிருந்து ஜுரம். மழையில் நனைந்ததன் பலன். மதினி மிளகு ரசம் வைத்தார். நன்றாக இருந்தது. சொன்னால் தலைகால் புரியாது என்பதால் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்னும் இருமல். நான் எழுந்து நடக்காவிட்டால் மதினியும் போக முடியாது. அவரோ காலையில் குல்லாவை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். என்னைவிட அவருக்குத்தான் சோலை மேல் ஏக்கமாக இருக்கும்போல.

ஜூலை 13, ஞாயிறு

பல நாள் கழித்துப் போனோம். நான் பார்த்ததை எழுதவே கை கூசுகிறது.

நாவல் மரத்தில் கயிறுகள். ஒன்றல்ல, கைக்கு எட்டிய உயரம்வரை. கண்ணாடி வளையல்கள், எலுமிச்சம்பழம், ஒரு சின்ன மரத்தொட்டில். கோயம்புத்தூரிலிருந்து வேனில் வந்த ஒரு கும்பல் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கிறது. மஞ்சள் பூசிய மரத்தைப் பார்த்ததும் யாரோ ஒருவர் கும்பிட்டிருக்கிறார். அவரைப் பார்த்து இன்னொருவர். சோலையம்மனாம். குழந்தை வரம் தருவாளாம்.

வெறுங்காலோடு நின்றால் சோலை அட்டை சும்மா விடுமா? எல்லோர் காலிலும் ரத்தம். "ஆத்தா ரத்தம் கேக்குறா!" என்று ஒரு ஆள் உரக்கச் சொன்னான். உடனே இரண்டு பெண்கள் குலவையிட்டார்கள்.

"அது அட்டைங்க! உப்பு வைங்க, விழுந்துடும்!" என்று கத்தினேன். சத்தம் போடாதே என்ற பலகைக்குக் கீழே நின்றுகொண்டு. என்னை எல்லோரும் பாவமாகப் பார்த்தார்கள்.

மதினி அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு வாயடைத்து நின்றார். அவர் வாய் மூடி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஜூலை 14, திங்கள்

போஜன் எல்லாவற்றையும் அவிழ்த்தெடுத்தான். சாயங்காலத்துக்குள் மறுபடி கட்டிவிட்டார்களாம். "நான் கைய வச்சா சாமிகுத்தம்னு அடிக்க வர்றாங்கம்மா" என்கிறான்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. சோலை வாசலில் பலூன் கடை, மாங்காய் பத்தை, குழந்தைகளுக்கு மொட்டை போட ஒரு ஆள். மரத்தடியில் கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள். சருகு நனைந்திருந்ததால் தப்பித்தது. வேர் மேல் நிற்கிற கூட்டத்தில் மண் எல்லாம் இறுகிக் கட்டாந்தரை ஆகிவிட்டது. ஓடையில் எலுமிச்சைத் தோலும் பிளாஸ்டிக் தட்டும் மிதக்கின்றன. தகரக் கொட்டகை போட ஒருவர் அளவெடுத்துக்கொண்டிருந்தார். மரக்கிளை இரண்டு இடைஞ்சலாக இருக்கிறதாம். வெட்ட வேண்டுமாம்.

ஒருவருக்கு அருள் வந்தது. கண்ணை உருட்டிக்கொண்டு, "நான் இங்கேதான் காலங்காலமா உறங்கிக்கிட்டு இருந்தேன்!" என்றார். காலங்காலமாக அங்கே உறங்கியது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

மதினியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "நாளைக்கு வந்து, மஞ்சள் நான்தான் பூசினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்றேன். "சொல்ல மாட்டேன்" என்றார். காரணம் கேட்டால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுப் பானையைக் கீழே போட்டு உடைத்திருப்பேன். நல்லவேளை, குக்கர்.

ஜூலை 21, திங்கள்

குழுக் கூட்டம். இப்போது செயலாளராக இருப்பவர் நஞ்சுண்டன். நல்ல மனிதர். வரும் வெள்ளிக்கிழமையும் கூட்டம் வந்தால் பாதையையே மூடிவிடுவது, சுற்றிக் கம்பி போடுவது, எப்போது திறப்பது என்று பிறகு யோசிப்பது. இதுதான் முடிவு. மூடிய பாதை மறுபடி திறந்ததாகச் சரித்திரம் இல்லை. என் வீட்டுக்காரர் பாடுபட்டதே ஜனங்கள் உள்ளே வந்து நடக்க வேண்டும், நடந்தால்தான் காட்டின் மேல் பாசம் வரும் என்பதற்காக.

"எந்தப் புண்ணியவதி ஆரம்பிச்சு வச்சாளோ" என்றார் நஞ்சுண்டன்.

நான் தண்ணீர் குடித்தேன். நானும் அந்தக் குழுவில் ஒரு உறுப்பினர். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

மத்தியானம் மதினி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் உட்கார்ந்தேன். பாதையை மூடப் போகிறார்கள், கம்பி போடப் போகிறார்கள், இனி யாருமே அந்த மரத்துக்குக் கிட்டப் போக முடியாது என்று சொன்னேன்.

அவர் கையில் இருந்த பூண்டு கீழே விழுந்தது.

"யாருமே போ முடியாதா?"

"யாருமே."

"அங்கன சாமியும் இல்ல, பூதமும் இல்லட்டி. நம்ம முத்துதான் கெடக்கான்."

எனக்குப் புரியவில்லை. கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கதிர் பாபநாசத்தில் கரைப்பதற்குக் கொண்டுபோகும்வரை சாம்பல் கலயம் கொல்லைப் பேரிக்காய் மரத்தில் தொங்கியது. அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். அத்தனை நாளும் கூடையில் சுமந்து, சரியான மரம் எதுவென்று தெரிந்த பிறகு, வேரடியில் கையால் தோண்டிப் புதைத்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால் எல்லா மரமும் ஒன்றுபோல இருக்கிறது. அடுத்த நாள் எந்த மரம் என்று தெரியாமல் போய்விடுமே என்று மஞ்சளைப் பூசிவிட்டார். எந்த இடம் மறந்துவிடக் கூடாதோ, அங்கே மஞ்சள் குங்குமம். வேறு எந்த அடையாளமும் அவருக்குத் தெரியாது.

"போன் பேசும்போதெல்லாம் சொல்லுவான். ‘ஏக்கா, என்னை ஆத்துல கீத்துல கரைச்சிராதீங்க. ஒரு பிடியாவது அந்தச் சோலையில போட்டுருங்க’ன்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கிட்டச் சொன்னா நீ போர்டப் படிச்சுக் காட்டுவேன்னான்."

முப்பது வருடத்துக்கு மேல் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷர். கடைசி ஆசையைப் போனில் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செத்தவர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் போன அன்றுகூட இப்படி அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதிலேயே அன்றைய பொழுது போய்விட்டது.

இதில் இன்னொரு எரிச்சல். அவர் சொன்னது சரி. நான் போர்டைப் படித்துத்தான் காட்டியிருப்பேன்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி இரண்டாம் வெள்ளி. நாங்கள் போய்ச் சேரும் முன்பே கூழ் அண்டாக்கள் வந்துவிட்டன. ஒருவர் கிளையில் பெரிய மணி கட்டிக்கொண்டிருந்தார். நஞ்சுண்டனும் ரேஞ்சரும் கம்பிச் சுருளோடு ஒரு ஓரமாக நின்றார்கள். நான் செருப்போடு வேர் மேல் ஏறி நின்றேன். கூட்டம் முணுமுணுத்தது.

"இது அம்மன் இல்லைங்க. இது என் வீட்டுக்காரரோட சாம்பல். இந்த மரத்தடியிலதான் புதைச்சிருக்கு."

யாரும் நம்பவில்லை. "கோயில் வரக்கூடாதுன்னு கதை கட்டுறாங்க" என்றது ஒரு குரல். "எந்த ஊர்லம்மா மரத்தடியில சாம்பல் புதைக்கிறாங்க?" என்றது இன்னொன்று.

மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முழங்கால் வலியோடு வேர் மேல் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தான் பொதச்சேன். நான் அவன்கூடப் பொறந்தவ. மஞ்சப் பூசுனதும் நாந்தான், எடம் மறந்துரக்கூடாதுன்னு. சந்தேகம்னா தோண்டிப் பாருங்க. பவுடர் டப்பாவோடயே கெடக்கான்."

ஒருவரும் தோண்ட வரவில்லை. முன்வரிசையில் நின்ற ஒரு பெண், மகள் நெற்றியில் இட்டிருந்த குங்குமத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "அய்யோ, தீட்டு" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். கட்டிய கயிறுகளை அவரவர் அவிழ்த்துக்கொண்டார்கள். தொட்டிலைக் கட்டியவள் தலையைத் திருப்பிக்கொண்டு விரல்நுனியால் அதை எடுத்தாள். கூழ் அண்டாக்கள் மூடியபடியே ஜீப்பில் ஏறின. எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்கிற அவசரத்தில் இருந்தார்கள். போன வாரம் அருள் வந்த மனிதர் போகிற போக்கில், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மேடம்" என்றார், மிகச் சாதாரணமாக.

சாமி இல்லாத காடு வேண்டும் என்று ஆயுசு முழுக்கப் போராடியவர், கொஞ்ச நாள் தானே அம்மனாக இருந்துவிட்டு, தானே எல்லோரையும் விரட்டியும்விட்டார்.

நஞ்சுண்டன் கம்பிச் சுருளைத் திருப்பி அனுப்பினார். பாதையை மூடவில்லை. பிறகு என்னிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அக்கா, நீங்க சொன்னதாலதான் பாதை தப்பிச்சுது. ஆனா உள்ள கொண்டுவந்து புதைச்சது புதைச்சதுதான். தெரிஞ்சவங்கன்னு உங்களை விட்டா நாளைக்கு யாரைத் தடுக்க முடியும்? ஒரு வருஷத்துக்கு நீங்க ரெண்டு பேரும் உள்ள வரவேண்டாம். குழுவிலயும் வேண்டாம். முத்து சார் இருந்தா இதைத்தான் செஞ்சிருப்பாரு."

இதைத்தான் செய்திருப்பார். இன்னும் ஒரு வருடம் சேர்த்தே போட்டிருப்பார். சரி என்றேன். மரத்தைச் சுத்தம் செய்ய மட்டும் நாளைக்கு ஒருமுறை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 26, சனி

போஜன் தண்ணீர் சுமந்து கொடுத்தான். தேங்காய்நாரால் தேய்த்தோம். கற்பூரக் கரி போய்விட்டது. மஞ்சள் மட்டும் பட்டை இடுக்கில் கொஞ்சம் நின்றது. மழை பார்த்துக்கொள்ளும். மதினி இரண்டு கையாலும் மரத்தைத் தொட்டுக்கொண்டே, "இத அழிச்சிட்டா ஒரு வருசம் கழிச்சு எனக்கு எப்படிட்டி அடையாளம் தெரியும்?" என்றார்.

"எனக்குத் தெரியும் மதினி."

டப்பாவைத் தோண்டி எடுக்கவா என்று போஜனிடம் கேட்டேன். எடுத்துத்தான் ஆக வேண்டும். பிளாஸ்டிக் ஆயிற்றே. அவன் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டான். நான் தோண்டி, மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை வேருக்கடியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். டப்பாவை ஒயர்கூடையில் போட்டுக்கொண்டேன். சத்தம் போடாமல் அவரைக் கொஞ்சம் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுதப்போவதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் மதினி பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறார். குல்லாவை மடித்து மேஜை மேல் வைத்திருக்கிறார். மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குப் போகிறாராம்.

"திடீர்னு என்ன?" என்றேன்.

"இனிமே அந்தக் காட்டுக்குள்ள விட மாட்டான். கூட வாரதுக்குத்தான என்னை வச்சிருந்த? இப்பம் என்னால ஒனக்கு என்னட்டி பிரயோசனம்?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காபி போடப் போனேன். பால் பொங்கியது. அணைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் மடங்காமல் ஒரு செருப்புக்குள் கால் நுழையவே இல்லை.

"போகாதீங்க மதினி" என்றேன். "பிரயோசனத்துக்கு இல்ல. எனக்கு யாருமில்ல."

அவர் அந்தச் செருப்பை உதறிவிட்டு, "இதச் சொல்ல ஒனக்கு இம்புட்டு நாளாட்டி?" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். நான் பையை உள்ளே எடுத்து வைத்தேன்.